கடன் நிறுவனத்தின் புதுவீட்டுப் பரிசு: ரொக்கமா, கட்டணச் சலுகையா, குறைந்த வட்டியா?

தோழி ஒருத்தி இரண்டு கடிதங்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். இரண்டும் வீட்டுக் கடன் அனுமதிக் கடிதங்கள். முதல் கடிதத்தில் வட்டி 8.5 சதவீதம், பரிசு என்று எதுவும் இல்லை. இரண்டாவதில் 8.75 சதவீதம், ஆனால் கடன் பட்டுவாடா ஆனதும் கடன் தொகையில் 1 சதவீதம் அவள் கணக்கில் வரவு வைப்பார்கள். வீட்டுச் சாமான் வாங்க வவுச்சர் உண்டு. சாவி வாங்கும் நாளில் ஒரு பரிசுப் பெட்டியும் வரும். "கால் சதவீதம்தானே, அது அவ்வளவு பெரிய தொகையா?" என்று கேட்டாள்.

வீடு வாங்குகிறவர்கள் பலரும் வந்து நிற்கிற இடம் இது. முன்பணத்துக்குச் சேமிப்பையெல்லாம் வழித்துக் கொடுத்துவிட்டு, கையில் காசே இல்லாத நேரத்தில் ஒருவர் பணம் தருகிறேன் என்கிறார். அந்த நேரத்தில் கால் சதவீதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் கண்ணுக்குத் தெரியும்படி கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் கேட்க வேண்டியது: இந்தக் கடனில் எத்தனை ஆண்டு இருப்பேன்? கடன் 20 ஆண்டுக்கு எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் வீட்டை விற்பவர்கள், முன்கூட்டியே அடைப்பவர்கள், வேறு நிறுவனத்துக்குக் கடனை மாற்றிக்கொள்பவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே வெளியேறிவிடுகிறார்கள். பரிசு ஒரே ஒரு முறைதான் வரும். வட்டி வித்தியாசமோ நீங்கள் இருக்கும் வரை மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமானால் ஆண்டு எத்தனை என்று தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது, பரிசின் மதிப்பு உங்கள் கடனில் எத்தனை சதவீதம்? பரிசு நிலையான ஒரு தொகையாக இருந்தால் சின்னக் கடனுக்கு அது பெரிது, பெரிய கடனுக்குச் சிறிது. 2,000 என்பது ஒரு லட்சம் கடனில் 2 சதவீதம். எட்டு லட்சம் கடனில் அது கால் சதவீதம் மட்டுமே. கால் சதவீத வட்டி வித்தியாசம் ஓராண்டில் அதை விழுங்கிவிடும்.

மூன்றாவது, பணம் எப்போது கைக்கு வருகிறது? கடன் பட்டுவாடா ஆன பிறகு வரும் ரொக்கம் முன்பணத்துக்கு உதவாது. சாமான் ஏற்றிவர, சுவருக்கு வண்ணம் அடிக்க உதவும்.

நான்காவது, திருப்பிக் கேட்கும் நிபந்தனை உண்டா? கடைசியாக, அந்தப் பரிசு இல்லாவிட்டாலும் அந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா? இல்லை என்றால் அதன் விலைச்சீட்டில் உள்ள தொகை உங்களுக்கு ஆன மதிப்பு அல்ல.

கீழே உள்ள கணக்கெல்லாம் 1,00,000 கடனுக்கு, 20 ஆண்டுத் தவணைக்கு. நாணயம் எதுவானாலும் விகிதம் மாறாது. உங்கள் கடன் எத்தனை லட்சமோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## ரொக்கம் அல்லது கேஷ்பேக்

8.5 சதவீத வட்டிக்கு மாதத் தவணை 867.82. 8.75 சதவீதத்துக்கு 883.71. வித்தியாசம் மாதம் 16கூட இல்லை. இதைப் பார்த்துத்தான் பலர் "இவ்வளவுதானா" என்று கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆனால் தவணை வித்தியாசம் முழுக் கதையைச் சொல்வதில்லை. வட்டி கூடுதலாக இருக்கும் கடனில் அசல் மெதுவாகக் கரைகிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் கடனை அடைக்கப் போனால் 8.5 சதவீதக் கடனில் பாக்கி சுமார் 88,126 இருக்கும், 8.75 சதவீதக் கடனில் 88,420. தவணையில் கூடுதலாகக் கட்டியது 953, பாக்கியில் கூடுதலாக நிற்பது 294. இரண்டையும் சேர்த்தால் அந்தக் கால் சதவீதத்தின் விலை 1,247.

| கடனில் இருக்கும் காலம் | கால் சதவீதக் கூடுதல் வட்டியின் விலை | 1,000 ரொக்கப் பரிசு வாங்கினால் |
|---|---|---|
| 3 ஆண்டு | சுமார் 750 | 250 லாபம் |
| 4 ஆண்டு | சுமார் 1,000 | லாபமும் இல்லை, நட்டமும் இல்லை |
| 5 ஆண்டு | சுமார் 1,250 | 250 நட்டம் |
| முழு 20 ஆண்டு | சுமார் 3,800 | 2,800 நட்டம் |

மனக்கணக்காகவும் இதைப் போடலாம். முதல் சில ஆண்டுகளுக்கு வட்டி வித்தியாசத்தை ஆண்டுகளால் பெருக்கினால் போதும்: 0.25 × 4 = 1 சதவீதம். பரிசு அதற்கு மேல் இருந்தால் பரிசு லாபம், கீழே இருந்தால் வட்டி லாபம். மேலே உள்ள பட்டியலின் கடைசி வரி மட்டும் சற்று மிகைப்படுத்திக் காட்டும். 20 ஆண்டு கழித்துக் கட்டும் பணமும் இன்று கையில் வரும் பணமும் ஒன்றல்ல என்பதால், முழுக் காலத்துக்குமான அந்த 3,800இன் இன்றைய மதிப்பு 1,830 அளவுதான். அப்படிப் பார்த்தாலும் 1,000 பரிசு தோற்கிறது.

எத்தனை ஆண்டு என்பதைக் கடனின் வகையும் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 2 ஆண்டு அல்லது 5 ஆண்டுக்கு மட்டும் வட்டியை நிலையாக வைத்து, அது முடிந்ததும் வேறு திட்டத்துக்கு மாறுவது வழக்கம். 2 ஆண்டுத் திட்டத்தில் அந்த 2 ஆண்டு வட்டி வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். கால் சதவீதத்துக்கு எதிராக 1 சதவீத ரொக்கம் அங்கே எளிதாக ஜெயிக்கும். அமெரிக்காவின் 30 ஆண்டு நிலை வட்டிக் கடனில் கதை தலைகீழ். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்காத வரை அந்தக் கால் சதவீதம் கூடவே வரும். இந்தியாவில் தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் உத்தரவிட்டது. வெளியேறும் கதவு திறந்திருக்கும் இப்படிப்பட்ட கடனில், நாளை குறைந்த வட்டி கிடைத்தால் மாறிக்கொள்ளலாம் என்பதால் ரொக்கத்தின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும்.

கொஞ்சம் என்று சொல்லக் காரணம், ரொக்கத்தோடு வரும் நிபந்தனை. குறிப்பிட்ட காலத்துக்குள் கடனை அடைத்தாலோ மாற்றினாலோ பரிசைத் திருப்பித் தர வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. நியூசிலாந்தில் வீட்டுக் கடனோடு ரொக்கம் தருவது பரவலான பழக்கம். 3 அல்லது 4 ஆண்டுக்குள் வெளியேறினால் திருப்பிக் கேட்கும் விதியும் கூடவே வரும். இங்கே பார்க்க வேண்டியது ஒரே ஒரு சொல். நாளுக்கேற்பக் குறைத்துத் திருப்பித் தருவதா, முழுவதுமா? 36 மாத நிபந்தனையில் 35ஆம் மாதம் வீட்டை விற்கிறவர் முழுத் தொகையையும் திருப்பித் தர நேர்ந்தால், மூன்று ஆண்டு கூடுதல் வட்டி கட்டியதுதான் மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் கடன் நிறுவனங்கள் வாடிக்கையாளரைப் பிடிக்க ஒன்றோடொன்று போட்டிபோட்டு ரொக்கம் கொடுத்தன. 2023இன் நடுப்பகுதியில் பெரிய வங்கிகள் பலவும் அதை நிறுத்திவிட்டன. ரொக்கப் பரிசு சந்தையின் சூட்டைப் பொறுத்தது என்பதற்கு இது நல்ல உதாரணம். நீங்கள் வீடு தேடும் பருவத்தில் அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்காக வீடு வாங்கும் நாளை முன்னே பின்னே தள்ளாதீர்கள்.

ரொக்கம் யாருக்குச் சரி: மூன்று நான்கு ஆண்டில் ஊர் மாறும் வேலையில் இருப்பவருக்கு, சின்னக் கடன் வாங்குபவருக்கு, அந்த ரொக்கம் இல்லாவிட்டால் கிரெடிட் கார்டில் சாமான் வாங்கியிருக்கக்கூடியவருக்கு. கடைசியாகச் சொன்னவருக்கு அந்தப் பணத்தின் மதிப்பு அதன் தொகையைவிடக் கூடுதல். கார்டு வட்டி வீட்டுக் கடன் வட்டியைப் போலப் பல மடங்கு.

## கட்டணச் சலுகை

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பிராசஸிங் கட்டணம், பத்திரங்களைப் பார்க்கும் வழக்கறிஞரின் சட்டக் கருத்துக் கட்டணம், வீட்டை மதிப்பிடுபவருக்கான கட்டணம். இவற்றைத் தள்ளுபடி செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பரிசு. எப்படியும் செலவழித்திருக்க வேண்டிய பணம் இது. கையில் காசு இறுக்கமாக இருக்கும் வாரத்தில் மிச்சமாகிறது. வவுச்சரைப் போலக் காலாவதி ஆவதில்லை.

ஆனால் 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கும் 'கடனோடு சேர்த்துக்கொள்கிறோம்' என்ற சொல்லுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். 1,000 கட்டணத்தைக் கடனோடு சேர்த்து 8.5 சதவீதத்தில் 20 ஆண்டு கட்டினால் மொத்தம் 2,083 ஆகிறது. இன்று கட்ட வேண்டாம் என்பது சலுகைபோலத் தெரியும்; உண்மையில் அது இன்னொரு சின்னக் கடன்.

அமெரிக்காவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கடன் நிறுவனம் உங்கள் கட்டணங்களில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டால், விண்ணப்பித்ததும் தரும் கடன் மதிப்பீட்டுப் படிவத்தில் அது தனி வரியாக வந்துவிடும். அந்தத் தொகைக்கு ஈடாக வட்டி சற்றுக் கூடுதலாக இருப்பது அங்கே வெளிப்படையான வியாபாரம். எதிர்த்திசையிலும் போகலாம்: கடனில் 1 சதவீதத்தை முன்னரே கட்டி வட்டியைக் குறைத்துக்கொள்வதை அங்கே ஒரு 'பாயின்ட்' வாங்குவது என்பார்கள். பரிசும் வட்டியும் ஒரே துலாக்கோலின் இரு தட்டு என்பது அந்தப் படிவத்தைப் பார்த்தாலே விளங்கும். படிவம் இல்லாத இடத்தில் நீங்களே கேட்கலாம்: "இந்தப் பரிசு எதுவும் எனக்கு வேண்டாம் என்றால் வட்டியை எவ்வளவு குறைப்பீர்கள்?" பதிலாக ஓர் எண் வந்தால் பரிசின் விலை கிடைத்துவிட்டது.

இன்னொன்று. இந்தியாவில் 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும், வீட்டுக் கடன் உள்ளிட்ட தனிநபர் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரக் குறிப்பு தரப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதற்கு இணையான தாள் உண்டு. இரண்டு கடன்களை ஒப்பிட இதைவிட நல்ல கருவி இல்லை. ஒரு குறை மட்டும் நினைவில் இருக்கட்டும்: இந்த விகிதம் கடன் முழுக் காலமும் ஓடும் என்று வைத்துக்கொண்டு போடப்படுவது. தொடக்கக் கட்டணத்தை அது 20 ஆண்டுக்கும் பரப்பிவிடும். நீங்கள் 4 ஆண்டில் வெளியேறினால் அதே கட்டணம் 4 ஆண்டின் தலையில் விழும். சீக்கிரம் வெளியேறுகிறவருக்குக் கட்டணச் சலுகை அந்த விகிதம் காட்டுவதைவிட மதிப்பு மிக்கது.

## குறைந்த வட்டி

பரிசுப் பெட்டி எதுவும் வராத, எனவே பரிசாகவே தோன்றாத சலுகை இது. பெரிய கடன், நீண்ட காலம், இதே வீட்டில்தான் இருக்கப்போகிறோம் என்ற உறுதி, இவை மூன்றும் கூடினால் வேறு யோசனையே வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்றுதான். குறைப்பு நிரந்தரமா, தற்காலிகமா? முதலாண்டு 2 சதவீதம் குறைவு, இரண்டாமாண்டு 1 சதவீதம் குறைவு, மூன்றாம் ஆண்டிலிருந்து முழு வட்டி என்று வரும் திட்டங்கள் உண்டு. ஒரு லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் தவணை 868, 6.5 சதவீதத்தில் 746. மூன்றாம் ஆண்டுத் தவணையை இன்றைய சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இந்தக் குறைப்பை வீடு கட்டி விற்பவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால், அதே வீட்டை அந்தச் சலுகை இல்லாமல் என்ன விலைக்குத் தருவார் என்றும் கேட்டுவிடுங்கள். மாறும் வட்டிக் கடனில், சலுகை எதிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். அடிப்படை விகிதம் ஏறினாலும் உங்களுக்கான வித்தியாசம் மாறாது என்று எழுத்தில் இருந்தால்தான் அது சலுகை.

## தவணை விடுமுறை

"முதல் மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம்." புதுவீட்டுக்காரரின் காதில் தேனாகப் பாயும் வரி இது. இரண்டு விதமாக இதற்குப் பொருள் இருக்கலாம். அந்த மாதங்களின் வட்டியை நிறுவனமே தள்ளுபடி செய்தால் அது உண்மையான பரிசு, அதுவும் பெரிய பரிசு. வெறுமனே தள்ளிவைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

8.5 சதவீதத்தில் மூன்று மாத வட்டி 2,140. அது அசலோடு சேர்ந்து கடன் 1,02,140 ஆகிறது. அதை 240 தவணையில் கட்டினால் மாதம் 886 ஆகும். விடுமுறை இல்லாமல் கட்டியிருக்கக்கூடிய மொத்தத்தைவிட சுமார் 4,450 கூடுதல். மேலே பார்த்தோமே, 20 ஆண்டுக்குக் கால் சதவீதம் கூடுதல் வட்டி. அதைவிடவும் இது அதிகம்.

வாடகையும் தவணையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டிய இரண்டு மூன்று மாதங்களை வேறு எந்த வழியிலும் தாண்ட முடியாதவருக்கு மட்டும் இதைச் சொல்வேன். அவருக்கும், பின்னர் கையில் பணம் வந்ததும் முதல் வேலையாக அந்த 2,140ஐ அசலில் கட்டிவிடச் சொல்வேன்.

## இலவசக் காப்பீடு

முதலாண்டு வீட்டுக் காப்பீடு இலவசம் என்றால் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இன்றே கேட்டுக் குறித்துக்கொண்டு, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் காப்பீடு வேறு விஷயம். அதன் முழுப் பிரீமியத்தையும் ஒரே தவணையாகக் கணக்கிட்டுக் கடனில் ஏற்றி, 'பாதுகாப்பு அன்பளிப்பு' என்பதுபோன்ற பெயரில் தந்தால் அதற்கும் 20 ஆண்டு வட்டி ஓடும். அந்தக் காப்பீடு குடும்பத்துக்குத் தேவைதான். நான் அதற்கு எதிரி இல்லை. வெளியில் அதே காப்பீட்டுக்கு விலை கேட்டுப் பார்க்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள் என்பதே என் கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு வீட்டுக் கடன் நெறிமுறையின்படி, கடன் நிறுவனம் காப்பீடு கேட்கலாம். ஆனால் அதற்கு இணையான காப்பீட்டை வேறு நிறுவனத்திடம் வாங்கிவந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

## வவுச்சரும் பொருளும்

என் அக்கா வீடு வாங்கியபோது கடன் கொடுத்த நிறுவனம் அறைக்கலன் வாங்க ஒரு வவுச்சர் தந்தது. தடித்த காகிதம், தங்க நிற எழுத்து. பின்புறம் சின்ன எழுத்தில், வழங்கிய நாளிலிருந்து 90 நாள் செல்லும் என்று இருந்தது. கட்டி முடிக்காத வீட்டுக்குத்தான் கடன் வாங்கியிருந்தார். 90ஆம் நாள் அந்த வீட்டுக்கு ஜன்னல்கூடப் பொருத்தவில்லை. கட்டிலை வாங்கி எங்கே போடுவது? வவுச்சர் இன்னும் அவருடைய கோப்பில் கிடக்கிறது. வட்டி வித்தியாசத்தை மட்டும் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எனவே வவுச்சர் என்றால் நாலு கேள்வி: எத்தனை நாள் செல்லும், எந்தக் கடையில் செல்லும், ஒரே முறையில் முழுவதும் செலவழிக்க வேண்டுமா, தள்ளுபடி விலைப் பொருளுக்கும் செல்லுமா? நாலுக்கும் பதில் நன்றாக இருந்தால் முகமதிப்பில் பாதியாவது என்று எடுத்துக்கொள்கிறேன். பதில் சரியில்லை என்றால் பூஜ்யம்.

சாவி வாங்கிய பிறகு, முன்னறிவிப்பே இல்லாமல் வரும் சாவி மாட்டியும் செடித் தொட்டியும் வேறு வகை. அவை உங்கள் முடிவை மாற்ற வந்தவை அல்ல. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஒப்பீட்டில் சேர்க்க வேண்டியதே இல்லை.

பரிசு உங்களுக்கு வராமல், உங்களை அந்த நிறுவனத்துக்கு அழைத்துப்போன தரகருக்கு வருகிறது என்றால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். ஆள் அனுப்பிவைத்ததற்காக மதிப்புள்ள எதையும் கொடுப்பதையும் வாங்குவதையும் அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. எந்த நாடானாலும் தரகரிடம் நேராகக் கேட்கலாம்: "இந்த நிறுவனத்திடமிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

## தோழியின் இரண்டு கடிதங்கள்

அவளுடைய வேலையில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றம் உண்டு. மூன்று ஆண்டு என்றால் கால் சதவீதத்தின் விலை லட்சத்துக்கு 750, ரொக்கம் 1,000. இரண்டாவது கடிதம்தான் லாபம் என்று நானே சொல்லப்போனேன். அதற்குள் அவள் நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். பிராசஸிங் கட்டணம் அரை சதவீதம் என்று இருந்தது. முதல் நிறுவனம் அந்தக் கட்டணத்தைக் கேட்கவே இல்லை. ஆக, தரும் 1,000இல் 500 அவள் கட்டிய பணமே. மீதி 500, போவது 750.

மறுநாள் அவள் அந்த நிறுவனத்துக்குப் போய், வவுச்சரும் பெட்டியும் வேண்டாம், கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று கேட்டாள். முழுவதும் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டார்கள். இப்போது லட்சத்துக்கு 250 லாபம். ஆனால் 36 மாத நிபந்தனையைத் தளர்த்த முடியாது என்றுவிட்டார்கள். 36 மாதம் முடியும் முன்பு போனால் ரொக்கம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அவளுடைய இடமாற்ற உத்தரவு 34ஆம் மாதத்திலும் வரலாம்.

முதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.